ரோமாபுரிப் பாடத்துக்கு மாணவர் பக்கத்தில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்குச் செல்ல இயலாமல் வீட்டிலிருந்தே பாடங்களைத் தொடரும் பிள்ளைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். கைப்பேசிச் செலவு, சிக்னல் கிடைக்காத மலைக்கிராமம், மின்வெட்டு, கண் எரிச்சல் என்று அதில் எழுதப்பட்டிருந்த யாவும் நாங்கள் அனுபவிப்பவையே. ஆனால் அந்தப் பிள்ளைகள் எந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள், அது அவர்களுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. இரண்டு மாத காலம் என் மகளின் கட்டிலருகே உட்கார்ந்து பண்டைய ரோமானிய வரலாற்றை அவளோடு சேர்ந்து படிக்க நேர்ந்தவன் என்ற முறையில், அந்த ஒரு பாடத்தைப் பற்றி மட்டும் எழுதி, தங்களிடம் ஒரு கோரிக்கையும் வைக்க விரும்புகிறேன்.

நான் கேரள எல்லையில் உள்ள குமுளியில் மலைச்சரக்குக் கடை நடத்துகிறேன். மிளகும் ஏலக்காயும் வாங்கி விற்பது தொழில். படிப்பு, கம்பத்தில் பத்தாம் வகுப்போடு நின்றது. என் மகள் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு இந்த ஆண்டு பிளஸ் ஒன் சேர்ந்தாள். வரலாறு அவளாக விரும்பி எடுத்த பாடம். வகுப்பு தொடங்கிய இரண்டாவது வாரமே, மழையில் பாசி பிடித்திருந்த வீட்டுக் கல்படியில் வழுக்கி விழுந்து, கணுக்காலுக்கு மேல் எலும்பு முறிந்தது. மாடி ஏற முடியாது என்பதால் கீழே முன்னறையிலேயே கட்டில் போட்டோம். விலை ஏறட்டும் என்று நான் நிறுத்தி வைத்திருந்த மிளகு மூட்டைகள் அந்த அறையில்தான் சுவரோடு அடுக்கியிருந்தன. ஜூலை மாதமும் ஆகஸ்ட் மாதமும் அவளுக்கு அந்தக் கட்டிலில் கழிந்தன. இரண்டுமே ரோமானியத் தலைவர்களின் பெயரைத் தாங்கிய மாதங்கள் என்பதை அவள்தான் பிறகு எனக்குச் சொன்னாள்.

பள்ளியை நான் எந்த வகையிலும் குறை சொல்ல மாட்டேன். வரலாற்று ஆசிரியை ஒவ்வொரு மாலையும் அன்று நடத்திய பாடத்தை மலையாளத்தில் பேசிப் பதிவு செய்து அனுப்புவார். கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்புகளின் படமும் கூடவே வரும். அவருடைய பொறுமைக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, புரியாத ஒரு சொல்லைப் பக்கத்தில் இருப்பவளின் விலாவில் இடித்துக் கேட்டுக்கொள்ளும் வசதி இருக்கிறது. கட்டிலில் கிடப்பவளுக்கு அது இல்லை. அவளுடைய சந்தேகம் இன்று புறப்பட்டால் பதில் வர இரண்டு நாளாகும். அதற்குள் பாடம் வேறு அரசனிடம் போயிருக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அகஸ்டஸ் கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை ஆட்சி செய்தார் என்று புத்தகத்தில் இருக்கிறது. எத்தனை ஆண்டுகள் என்று மகள் கேட்டாள். கணக்கில் புலி என்ற எண்ணத்தில் நானும் இரண்டையும் கூட்டி, சற்றும் தயங்காமல் 41 என்றேன். அவள் அதையே எழுதி அனுப்பினாள். கி.மு. ஒன்றுக்கு அடுத்தது கி.பி. ஒன்றுதான், இடையில் சுழி என்று ஓர் ஆண்டு கிடையாது, ஆகவே 40 என்று இரண்டு நாள் கழித்து ஆசிரியை திருத்தி அனுப்பினார். அன்று முதல் என் கணக்குகளை மகள் ஒரு முறைக்கு இரு முறை சரிபார்த்தே ஏற்றுக்கொள்கிறாள்.

இதைவிடப் பெரிய தொல்லை பெயர்கள். ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், ஆசிரியையின் மலையாளத்தில் வேறோர் ஒலி. எல்லைக்கு அந்தப் பக்கம் கம்பத்தில் படிக்கும் என் தங்கை மகனிடமிருந்து வாங்கி வந்த தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில் 'செவ்வியல் உலகம்' என்ற பாடம் இருந்தது. அதைப் படித்த பிறகே அவளுக்கு ரோம் என்பது ஓரளவு முகம் காட்டத் தொடங்கியது. ஆனால் ஒரே மனிதர் ஓரிடத்தில் ஆக்டேவியனாகவும், கி.மு. 27-க்குப் பிறகு அகஸ்டஸாகவும், சில இடங்களில் வெறும் சீசராகவும் வந்தால், எடுத்துச் சொல்ல ஆளில்லாத பிள்ளை என்ன செய்யும்? என் மகள் தன் நோட்டில் அவரை மூன்று பேராகப் பிரித்து, மூவருக்கும் தனித்தனியே கோடு போட்டுக் குறிப்பெழுதி வைத்திருந்தாள்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி. தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர்; சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர், வேதப் புத்தகத்தைத் தவிர வேறு புத்தகம் படித்ததில்லை என்று அவரே சொல்வார். ஒரு பிற்பகல், மகளுக்குத் துணையாக உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தவர், அவள் அகஸ்டஸ், டைபீரியஸ் என்று மனப்பாடம் செய்வதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஏம் பாப்பா, நீ சொல்றது அகுஸ்துராயனும் திபேரியுராயனும் தானே? குடிமதிப்பு எழுதச் சொன்ன ராயன்தானே அவன்?" என்றார். மகள் நிமிர்ந்து பார்த்தாள். லூக்கா சுவிசேஷத்தில் இயேசு பிறந்தபோது கட்டளை இட்ட அகுஸ்துராயன்தான் அவள் புத்தகத்து அகஸ்டஸ். சீசர் என்பது முதலில் ஒரு குடும்பத்தின் பெயர், பின்னால் பட்டமாக ஆனது. அந்தப் பட்டத்தைத்தான் தமிழில் மொழிபெயர்த்தவர்கள், கிருஷ்ணதேவராயர் என்று நாம் சொல்கிற அதே சொல்லைக் கொண்டு, 'இராயன்' என்று ஆக்கியிருக்கிறார்கள். பேரரசின் கிழக்கு எல்லையாகப் புத்தகம் சொல்லும் யூப்ரடீஸ் ஆறு பாட்டிக்கு 'ஐபிராத்து'. அன்று மாலைக்குள் மூன்று ராஜாக்கள் ஒருவராகி, மகளின் நோட்டில் இரண்டு பக்கங்கள் மிச்சமாயின.

பாட்டி அதோடு நிற்கவில்லை. திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்களுக்கு நாளொன்றுக்கு ஒரு 'பணம்' என்று கூலி பேசிய உவமையை அவர் சொல்ல, அந்தப் பணம் மூலத்தில் தெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசு என்று மகள் தேடிக் கண்டுபிடித்தாள். கூலி, விலை என்று பேச்சு வந்த பிறகு நானும் சும்மா இருக்க முடியவில்லை. 'இயற்கை வரலாறு' என்ற நூலை எழுதிய ரோமானியர் பிளினி, கி.பி. 77-ஆம் ஆண்டளவில் ரோமில் மிளகு விற்ற விலையைக் குறித்து வைத்திருக்கிறார்: ஒரு ராத்தலுக்குக் கருமிளகு 4 தெனாரியஸ், வெள்ளை மிளகு 7, திப்பிலி 15. ரோமானிய ராத்தல் என்பது சுமார் 327 கிராம். அதாவது தோட்டத்துக் கூலியாள் நான்கு நாள் வேலை செய்தால்தான் அந்த ஒரு ராத்தல். அகஸ்டஸ் காலத்திலிருந்து அப்போது வரை காலாட்படைச் சிப்பாயின் ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ். மகள் கணக்குப் போட்டாள், இம்முறை என்னைக் கேட்காமலேயே: ஓர் ஆண்டுச் சம்பளம் முழுவதற்கும் 18 கிலோ மிளகு, ஒரு நாள் சம்பளத்துக்கு வெறும் 50 கிராம். இன்று எங்கள் கடைக்கு வரும் தோட்டத் தொழிலாளி தன் ஒரு நாள் கூலியில் அரைக் கிலோ வாங்கிவிடலாம். கட்டிலுக்கு அருகில் அடுக்கியிருந்த மூட்டைகளை அவள் எண்ணிப் பார்த்து, "அப்பா, இந்த ஒரு மூட்டைக்கு ரெண்டு சிப்பாயோட வருஷச் சம்பளம் போனாலும் பத்தாது" என்றாள். ரோமானியப் படையைப் பற்றிய ஐந்து மதிப்பெண் கேள்வி அவளுக்கு அதன் பிறகு மறக்கவே இல்லை.

பிளினியிடம் எனக்குப் பிடித்துப்போன பகுதி வேறு. மிளகில் காரத்தைத் தவிர என்ன இருக்கிறது, இதைப் போய்ப் பொன்னையும் வெள்ளியையும் போல நிறுத்து வாங்குகிறார்களே என்று அவர் அலுத்துக்கொள்கிறார். கூடவே கலப்படத்தையும் எழுதியிருக்கிறார்: திப்பிலியில் அலெக்சாண்டிரியக் கடுகைக் கலக்கிறார்களாம், மிளகில் ஜூனிபர் என்ற மரத்தின் சிறு காய்களைக் கலக்கிறார்களாம், அவை மிளகின் காரத்தை உறிஞ்சிக்கொள்ளுமாம். பப்பாளி விதை கலந்த மிளகை நீரில் போட்டுப் பார்த்தும், லிட்டர் வெயிட் (ஒரு லிட்டர் அளவு மிளகின் எடை) எடுத்துப் பார்த்தும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிய நாட்கள் எனக்கு நிறைய உண்டு. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு வெளிநாட்டார் எழுதியதைப் படித்துத் தொழில்முறை நட்பு தோன்றும் என்று நான் எதிர்பார்த்ததில்லை.

இங்கிருந்து நம் இலக்கியத்துக்குச் செல்லும் வழி மிகக் குறுகியது. யவனர்களின் நல்ல மரக்கலம் பொன்னோடு வந்து கறியோடு திரும்பும் சேரநாட்டுத் துறைமுகம் முசிறி என்று அகநானூற்றின் 149-ஆம் பாட்டு சொல்கிறது. பாடியவர் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார். "பொன்னைக் கொடுத்துட்டுக் கறி வாங்கிட்டுப் போனாங்களா?" என்று மகள் சிரித்தாள், சங்கத் தமிழில் கறி என்றால் மிளகு என்று தெரிந்ததும் சிரிப்பு நின்று, மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கலம் வெண்ணுரை கலங்க வந்து சேர்ந்த இடத்தைச் சுள்ளியம் பேரியாறு என்று பாட்டு குறிக்கிறது. அது எங்கள் பெரியாறே என்பது அறிஞர் பலரின் கருத்து. தங்கள் நாளிதழில் நாள்தோறும் அணையின் நீர்மட்டமாக மட்டும், அடிக்கணக்கில், ஒரு சிறு கட்டத்துக்குள் வந்துபோகும் அதே பெரியாறு. எங்கள் வீட்டிலிருந்து தேக்கடி ஏரிக்கரை நடக்கிற தூரம்தான். அந்த நீர் ஒரு காலத்தில் ரோமானியப் பொன் வந்திறங்கிய துறைக்குப் பாய்ந்தது என்பது, அதன் கரையிலேயே பிறந்து வளர்ந்த பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கால் உடைந்த பிறகுதான் தெரிய வேண்டியிருந்தது.

முசிறியைக் குறித்து மேலும் இரண்டு சான்றுகள் ஆஸ்திரியா நாட்டு வியன்னாவில் ஒரே நூலகத்தில் இருக்கின்றன. ஒன்று, கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த பாப்பிரஸ் ஓலை. 1985-இல் அச்சில் வெளியானது. முசிறிப் பயணத்துக்காக வாங்கிய கடனைப் பற்றிய ஒப்பந்தம் அதன் ஒரு பக்கம். சரக்கைச் செங்கடல் துறையில் இறக்கி, ஒட்டகத்தில் ஏற்றி, நைல் நதிப் படகில் அலெக்சாண்டிரியாவுக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு வரை அதில் எழுதியிருக்கிறது. மறுபக்கத்தில் ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்த ஜடாமாஞ்சி என்ற நறுமண வேர், யானைத் தந்தம் முதலியவற்றின் எடையும் மதிப்பும் கணக்கிடப்பட்டிருக்கின்றன. அந்தச் சரக்குக்கு அரசு எடுத்த வரி நான்கில் ஒரு பங்கு. உலர்ந்த மிளகுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. கட்டவே முணுமுணுக்கும் நான், 25 சதவீதம் என்று படித்ததும் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். இன்னொன்று, ரோமானியச் சாலைகளைக் காட்டும் நீண்ட வரைபடத்தின் இடைக்காலப் பிரதி. அதில் முசிறிக்கு அருகே அகஸ்டஸின் கோயில் ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது. கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டியபோது, "நம்ம பக்கத்துல அகுஸ்துராயனுக்குக் கோயிலா!" என்று பாட்டி மோவாயில் கை வைத்தார். மண்ணைத் தோண்டியதில் கோயில் இன்னும் அகப்படவில்லை. ஆனால் 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம், முசிறி இருந்த இடமாக ஆய்வாளர் பலர் கருதும் பட்டணம் என்ற ஊரில் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாட்டுச் சாடிகளின் உடைசல்களும், ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த தோணியும், மிளகும் கிடைத்திருக்கின்றன.

கடலுக்கு அந்தப் பக்கமும் மிளகு எஞ்சியிருக்கிறது. எகிப்தின் செங்கடல் துறையான பெரனிகேயில், கோயில் வளாகத்துத் தரையில் புதைந்திருந்த இந்தியச் சாடி ஒன்றுக்குள் ஏழரைக் கிலோ மிளகு கெடாமல் இருந்தது. ரோம் நகரின் நடுவிலேயே டொமிஷியன் என்ற பேரரசன் மிளகுக்கும் நறுமணப் பொருள்களுக்கும் தனிக் கிடங்கு கட்டினான். கி.பி. 408-இல் ரோம் நகரை முற்றுகையிட்ட கோத் இனத் தலைவன் அலாரிக், விலகிப் போவதற்குப் பொன், வெள்ளி, பட்டாடைகளோடு 3,000 ராத்தல் மிளகும் கேட்டு வாங்கினான். எங்கள் 50 கிலோ மூட்டைக் கணக்கில் அது ஏறக்குறைய இருபது மூட்டை. முன்னறையில் இருந்ததைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

இவை எல்லாவற்றையும் நாங்கள் பொறுக்கிச் சேர்க்க இரண்டு மாதம் ஆனது, அதுவும் பாதி நாள் இணையம் இல்லாமல். தேடிய இடங்களிலும் இரண்டு விதமான எழுத்துகளே கண்ணில் பட்டன. ஒன்று, முழுக்க ஆங்கிலம். மற்றொன்று, தமிழில் இருப்பது. ஆனால் அதில் பெரும்பகுதி ரோமாபுரியே தமிழனிடம் கைகட்டி நின்றது போன்ற பெருமைப் பேச்சு. வியாபாரி என்ற முறையில் இந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. இந்தியா ஆண்டுதோறும் செஸ்டர்ஸ் என்ற ரோமானியக் காசில் 5 கோடியை இழுத்துக்கொள்வதாகப் பிளினி புலம்பியதை எடுத்துக்காட்டுகிறவர்கள், அதே சரக்கு ரோமில் நூறு மடங்கு விலைக்கு விற்கிறது என்று அவர் அதே இடத்தில் எழுதியிருப்பதை விட்டுவிடுகிறார்கள். மிளகைக் கொடியிலிருந்து பறித்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று அந்தக் கட்டுரைகளில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. பாட்டி மட்டும் கேட்டார். புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் மிகப் பலவற்றின் மேல், பேரரசனின் முகத்துக்குக் குறுக்கே வெட்டு விழுந்திருக்கிறது. அவை காசாக மீண்டும் செல்லாதபடி ஆக்குவதற்காகச் செய்தது என்று ஒரு விளக்கம் உண்டு. நம்மவர்கள் ராயனின் முகத்தைப் பார்க்காமல் பொன்னின் எடையைப் பார்த்திருக்கிறார்கள் என்பதே எனக்கு அதில் பிடித்த செய்தி.

இனி என் கோரிக்கை. வாரந்தோறும் வரும் தங்கள் மாணவர் பக்கத்தில் பொது அறிவு வினா-விடைக்கும் குறுக்கெழுத்துக்கும் கொடுக்கும் இடத்தில் பாதியை, ஓராண்டுக்காவது, பண்டைய ரோமானிய வரலாற்றுக்குத் தமிழில் கொடுங்கள். குமுளியில் மழை வலுத்தால் இணையம் போய்விடும். ஆனால் கம்பத்திலிருந்து மலையேறி வரும் காலைப் பேருந்தில் தங்கள் நாளிதழ் வந்துவிடுகிறது. மண் சரிந்து சாலை அடைபட்ட நாளிலும் மதியத்துக்குள் கிடைத்திருக்கிறது. பீர்மேடு, தேவிகுளம் வட்டங்களின் தோட்டக் குடியிருப்புகளிலும், அந்தப் பக்கம் சித்தூர், நகரி போன்ற ஆந்திர எல்லை ஊர்களிலும், வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, புத்தகத்தில் ஒரு மொழி என்று படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு உடல்நலக் குறைவோ வேறு காரணமோ வந்து வீட்டோடு இருக்க நேர்ந்தால், கையில் வைத்துத் திரும்பத் திரும்பப் படிக்கத் தாளில் அச்சான ஒன்று வேண்டும்.

எழுதுகிறவர்கள் பெயர்களை முதல் வாரமே முடிவு செய்து, கடைசி வரை ஒரே விதமாக எழுத வேண்டும். பக்கத்தின் ஓரத்தில் வேதப் புத்தக வழக்கையும் ஆங்கில ஒலிப்பையும் சேர்த்துப் போட்டால் பாட்டிகளும் பாடம் சொல்லலாம். ரோமை நிறுவியதாகச் சொல்லப்படும் ரோமுலஸ் கதையிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. முசிறியிலிருந்து தொடங்கி, மிளகு போன வழியே போனால் செங்கடலும் நைல் நதியும் அலெக்சாண்டிரியாவும் தாமாகவே வரும். அங்கிருந்து ரோமுக்குப் போய்ச் செனட் சபையையும், படையையும், அடிமைகளையும், மூன்றாம் நூற்றாண்டு நெருக்கடியையும், கான்ஸ்டன்டைனையும் பார்க்கலாம். தேர்வுக்குத் தேவையான எதுவும் விடுபடாது. முடிந்தால் பிள்ளைகளின் சந்தேகங்களை அஞ்சலட்டையில் வாங்கி, அடுத்த வாரமே பதில் போடுங்கள். என் மகளுக்கு இரண்டு நாளில் கிடைத்த பதிலே பெரிய உதவியாக இருந்தது. யாரிடமும் கேட்க வழியில்லாத பிள்ளைக்கு ஒரு வாரம் அதிகமல்ல.

மகளுக்கு மாவுக்கட்டுப் பிரித்தாயிற்று. ஊன்றுகோலோடு பள்ளிக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். மிளகையும் விற்றுவிட்டேன், எதிர்பார்த்த விலை கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். இந்தப் பகுதி தங்கள் நாளிதழில் தொடங்குமானால், அந்தக் கிழமைக்கு மட்டும் குமுளி முகவரிடம் பத்துப் பிரதிகள் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். விற்காமல் நின்றால் என் கணக்கு.

இப்படிக்கு,
மலைச்சரக்கு வியாபாரி ஒருவர்,
குமுளி, இடுக்கி மாவட்டம்.